அம்மாவின் முழங்காலுக்கு ஆஸ்பத்திரி தேடினேன்: ‘கேர் கம்பேர்’ எப்படி?

அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏறவே முடியவில்லை. மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஆஸ்பத்திரிகள். எதில் சேர்ப்பது? முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் நடத்தும் ‘கேர் கம்பேர்’ தளத்தில் மூன்று இரவு உட்கார்ந்தேன். காசு கிடையாது, பதிவு செய்ய வேண்டாம். ஊர்ப் பெயர் கொடுத்தால் மூன்று ஆஸ்பத்திரிகள் வரை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

ஒன்றுக்கு 4 நட்சத்திரம், மற்றதற்கு 3. நாலுதான் நல்லது என்று மனது சொன்னது. ஆனால் அந்த ஒரே மதிப்பெண்ணில் இறப்பு விகிதம், பாதுகாப்பு, மறுபடியும் அட்மிட் ஆனவர்கள், நோயாளிகளின் அனுபவம், நேரத்துக்குக் கிடைத்த சிகிச்சை என எல்லாம் கலந்திருக்கிறது. நிமோனியா இறப்புக் கணக்கை வைத்து அம்மாவின் முழங்காலுக்கு என்ன முடிவெடுப்பது? அதனால் உள்ளே போய்த் தேடினேன். இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களுக்குத் தனி வரியே இருக்கிறது. நோயாளிகளின் வயதையும் பழைய நோய்களையும் கணக்கில் எடுத்துத்தான் விகிதம் போடுகிறார்கள். உடம்பு ரொம்ப முடியாதவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி அதனாலேயே கெட்ட பெயர் வாங்குவதில்லை. இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்தது.

இரண்டுக்குமே ‘தேசிய விகிதத்திலிருந்து வேறுபாடில்லை’ என்றுதான் இருந்தது. முதலில் சப்பென்று போய்விட்டது. அப்புறம், பயப்பட ஒன்றுமில்லை என்பதும் ஒரு பதில்தானே என்று பட்டது.

கடைசியில் முடிவு செய்ய உதவியது நோயாளிகளிடம் எடுத்த கருத்துக்கணிப்பு. வீட்டுக்குப் போனதும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்களா என்ற கேள்வியில் 3 நட்சத்திர ஆஸ்பத்திரி முந்தியிருந்தது. அங்கேயே சேர்த்தோம். வீடு திரும்பிய நாலாம் நாள் ராத்திரி கால் வீங்கியபோது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவர்கள் கொடுத்த தாளில் தெளிவாக எழுதியிருந்தது.

குறைகளும் உண்டு. எண்கள் பழையவை, சில அளவீடுகள் பல வருடத் தரவைச் சேர்த்துப் போட்டவை. எந்த சர்ஜனிடம் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்பதை ஆஸ்பத்திரிகளை ஒப்பிடும் இந்தப் பக்கத்தில் பார்க்க முடியாது. அதை நேரில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்: வருடத்துக்கு எத்தனை முழங்கால் செய்கிறீர்கள், எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று.

மூன்றாம் வாரம் அந்தக் கருத்துக்கணிப்புத் தாள் அம்மா பெயருக்கே வந்தது. ஸ்பானிஷ், சீனம், வியட்நாமியம் உட்படச் சில மொழிகளில் அது கிடைக்கிறது; தமிழில் இல்லை. இங்கே எத்தனை அம்மாக்கள் பதில் சொல்லாமலே விட்டிருப்பார்களோ என்று நினைத்தபோது மனது கஷ்டப்பட்டது. ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னேன். இரவில் அறையைச் சுற்றி அமைதியாக இருந்ததா என்று கேட்டதும் அம்மா கொஞ்சம் யோசித்தார்.

“நர்ஸ் பிள்ளைங்க தங்கமா பாத்துக்கிட்டாங்க. ஆனா சத்தம் இருந்துச்சும்மா. ‘சில நேரம்’னு போடு.”

அப்படியே குறித்து, மறுநாள் தபாலில் சேர்த்தேன்.