போர்ஹோல் சோனிக் சிமுலேட்டர்: நாலு வருஷம் ஓட்டியபின்

கிணற்றுத் துளைக்குள்ளும் சுற்றியுள்ள பாறையிலும் ஒலி அலை எப்படிப் போகும் என்று கணக்கிடும் மென்பொருள் இது. பழைய ஆபீஸ் நண்பன் போன வாரம் கேட்டான், "நீ வைத்திருக்கிற அந்த சோனிக் சிமுலேட்டர் எப்படிடா, நாங்களும் லைசென்ஸ் போடலாமா?" ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், நடுவில் கோபம் வந்து இவ்வளவு நீண்டுவிட்டது. பெயர் சொல்லப்போவதில்லை, இன்னும் அவர்களிடம்தான் சப்போர்ட் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பரிமாண ஃபைனைட் டிஃபரன்ஸ் (பாறையைச் சின்னக் கட்டங்களாக வெட்டிக் கணக்குப் போடும் முறை), ஸ்டாகர்டு கிரிட், 21 மீள்மைக் கெழுக்களையும் (பாறை எந்தத் திசையில் எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் எண்கள்) வாங்கிக்கொள்ளும் என்பதெல்லாம் பிரோஷரிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லது. புதிதாக வந்த அன்று நான் வைத்த பரீட்சை கிரீன்ஹார்ன் ஷேல். அமெரிக்காவின் வில்லிஸ்டன் படுகையில் கிடைக்கும், அடுக்கடுக்கான களிமண் பாறை. ஜோன்ஸ், வாங் என்ற இருவர் 1981-இல் அளந்து வெளியிட்ட எண்களை இந்தத் துறையில் எல்லோரும் எடுத்தாள்வார்கள். ஷியர் விறைப்பைச் சொல்லும் இரண்டு கெழுக்களில் C44 5.4 கிகாபாஸ்கல், C66 10.6; அடர்த்தி கன மீட்டருக்கு 2420 கிலோ. அதாவது செங்குத்தாகப் போகும் ஷியர் அலை (போகும் திசைக்குக் குறுக்கே பாறையை ஆட்டும் அலை) நொடிக்கு 1494 மீட்டர், படுக்கைவாட்டில் ஆடியபடி படுக்கைவாட்டில் போவது 2093. ஒரே கல்தான், திசைதான் வேறு. துளைக்குள் இருக்கும் தண்ணீரில் ஒலி 1500 போகிறது, அதனால் மோனோபோல் (எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும் ஒலிமூலம்) தட்டினால் ஷியர் தனியாகத் தலைகாட்டாது, டைபோல் (ஒரு பக்கம் தள்ளி எதிர்ப்பக்கம் இழுப்பது) வேண்டும். ஆனால் செங்குத்துக் கிணற்றில் டைபோல் கொடுப்பது C44 மட்டும்தான். C66 எங்கிருந்து வரும்? துளைச் சுவரை ஒட்டித் தண்ணீரில் ஓடும் ஸ்டோன்லி அலையிலிருந்து. அது துளைச் சுவரைப் பக்கவாட்டில் ஊதித் தள்ளிக்கொண்டே போவதால், தாழ்ந்த அதிர்வெண்ணில் அதன் வேகத்தைத் தீர்மானிப்பது படுக்கைத் தளத்தின் விறைப்பு. C44-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 1260 வரும், C66-ஐ வைத்தால் 1362. சிமுலேட்டர் 1360-ஐ ஒட்டிக் கொடுத்தது. நாம் சொல்லிக்கொடுக்காமலே அலை சரியான கெழுவைத் தேடிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

சரி, இப்போது வயிற்றெரிச்சல்.

பாறையைச் சாய்த்தால் போச்சு. 60 டிகிரி சாய்வுக் கிணறு என்றால் மாடலில் கிணற்றை நேராக வைத்துப் பாறை அடுக்குகளைச் சாய்ப்போம். ரன் அழகாகப் போகும், 4 மில்லிசெகண்ட் வரை குறையே சொல்ல முடியாது. அப்புறம் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன நெளிவு கிளம்பும், ஐந்து தாண்டியதும் அது சுவராக எழும்பும், காலையில் வந்து பார்த்தால் ஃபைல் முழுக்க 'நான் நான் நான்'. எண் இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் எழுதும் குறிதான் அது, இருந்தாலும் ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு அந்த அகங்காரத்தைப் படிக்க எரிச்சலாகத்தான் இருக்கும்.

காரணம் ஓரத்தில் இருக்கும் பி.எம்.எல். என்ற உறிஞ்சு அடுக்கு. 1994-இல் பெரஞ்சே என்ற ஆய்வாளர் மின்காந்த அலைக்காகச் செய்தது, வெளியே போகும் அலையைத் திரும்பவிடாமல் விழுங்கும். சாதாரணப் பாறையில் அலை முகம் போகும் திசையும் ஆற்றல் போகும் திசையும் ஒன்று. சாய்ந்த ஷேலில் இரண்டும் பிரிந்துவிடும். முகம் வெளியே பார்க்கும்போதே ஆற்றல் உள்ளே வருகிற கோணங்கள் உண்டு. அந்தக் கோணங்களில் அடுக்கு அலையைத் தணிப்பதற்குப் பதில் ஊட்டி வளர்க்கிறது. பெக்காஷ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2003-லேயே இதை நிறுவிவிட்டார்கள். தெரிந்த வியாதி. தெரிந்தே விற்றிருக்கிறார்கள்.

சப்போர்ட்டில் கேட்டால் "பெட்டியைப் பெரிதாக்கிப் பாருங்கள்" என்றார்கள். என் பெட்டி 2 மீட்டருக்கு 2 மீட்டர், உயரம் 6. துளையின் விட்டமே எட்டரை அங்குலம், அதை ஒழுங்காக வரைய 1 செ.மீ. கிரிட் வேண்டும், ஆக 2.4 கோடிக் கட்டங்கள். உறிஞ்சு அடுக்கை நம்பாமல் 8 மில்லிசெகண்ட் ஓட்டவேண்டுமென்றால், நொடிக்கு 3765 மீட்டர் வேகத்தில் ஓடும் பி அலை (பாறையை அமுக்கிக்கொண்டு முதலில் வரும் அலை) போய்த் திரும்பாதபடி கிணற்றிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 15 மீட்டர் விடவேண்டும். உயரத்தைத் தொடாவிட்டாலும் 540 கோடிக் கட்டங்கள். பதில் எழுதிய தம்பி இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருக்கமாட்டார்.

வெடிக்கிற ரன்னைக்கூட மன்னிக்கலாம், வெடித்தது தெரிகிறது. வெடிக்காததுதான் ஆபத்து. ஒருமுறை டைபோல் ரன்னில் ஒரு கோடு வரவேண்டிய டிஸ்பெர்ஷன் படத்தில் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப அலையின் வேகம் மாறுவதைக் காட்டும் படம்) இரண்டு வந்தது. அந்தச் சாய்வில் ஷியர் அலை நிஜமாகவே இரண்டாகப் பிரியும் என்பதால் சந்தேகமே வரவில்லை. டைபோலின் திசையை நான்தான் கோணலாக வைத்துவிட்டேன் என்று ஒரு வாரம் கோணங்களை நோண்டிக்கொண்டிருந்தேன். (சாய்வுக் கோணத்தை அடுக்கிலிருந்து அளக்கிறதா, அடுக்குக்குச் செங்குத்தான அச்சிலிருந்தா என்று மேனுவலில் ஒரு வார்த்தை கிடையாது.) கடைசியில் வேறு காரணத்துக்காகப் பெட்டியை அரை மீட்டர் அகலப்படுத்தினேன், இரண்டாவது கோடு இடம் மாறிவிட்டது. பாறையில் ஓடும் அலைக்கு என் பெட்டியின் அகலம் எப்படித் தெரியும்?

இந்த வருஷத்து வெர்ஷனில் தணிப்பைப் பக்கவாட்டு அச்சுகளிலும் கொஞ்சம் கலக்க ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள். 2008-லேயே வெளிவந்த வழி, போகட்டும். இப்போது வெடிப்பதில்லை. பதிலுக்கு ஓரத்திலிருந்து லேசான எதிரொலி வருகிறது, கலக்கும் அளவை ஒவ்வொரு பாறைக்கும் கையால்தான் தேடவேண்டும்.

செங்குத்துக் கிணறு, படுக்கை அடுக்கு என்றால் இதைவிட நல்ல சாமானை நான் ஓட்டியதில்லை. உன் கிணறுகள் எல்லாம் சாய்வு, நீ வாங்காதே. என்னைக் கேட்டால், போன மாதம்தான் லைசென்ஸைப் புதுப்பித்தேன், ஏன் என்று கேட்காதே. அவசரமாக ஒன்றிரண்டு பார்க்கவேண்டுமானால் கெழுக்களை அனுப்பு, இங்கே ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். கோணத்தை எங்கிருந்து அளந்தாய் என்பதையும் மறக்காமல் எழுது.