உடைந்த ஷேவிங் கிண்ணம்: கம் கஜாவா, எப்பாக்ஸியா, புதுசா?

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் என் ஷேவிங் கிண்ணம் சோப்புக் கையிலிருந்து வழுக்கி சிமெண்டுத் தரையில் விழுந்தது. மூன்று பெரிய துண்டுகள், விளிம்பில் ஒரு சில்லு. பார்ப்பதற்கு வெள்ளைப் பீங்கான், உள்ளே நுரை எழும்ப வரிவரியாக மேடு, உள்ளங்கைக்குள் அப்படியே உட்காரும். அப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஈப்போவில் வாங்கியது. அவருக்குப் பிறகு பதினோரு வருஷமாக என்னிடம் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

புதுசு வாங்குவதுதான் சுலபம். எவர்சில்வர் கிண்ணம் சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும், விழுந்தாலும் நெளியும், அவ்வளவுதான். ஆனால் சூடு நிற்காது. இரண்டாவது தடவை நுரை பூசும்போது சில்லிட்டுப் போயிருக்கும். அப்பா ரப்பர் பால் பிடித்த பழைய பால் மங்கு ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அது கம்பி வளையத்தில் உட்காரச் செய்தது, அடி குறுகல், பிரஷ்ஷைச் சுழற்றினால் ஆடுகிறது. இரண்டே நாளில் எடுத்து வைத்துவிட்டேன்.

ஆக, ஒட்டுவது என்று முடிவானது. முதலில் எல்லோரும் செய்வதுபோல கம் கஜா, அதாவது சூப்பர் க்ளூ. அது காற்றிலும் பொருளிலும் உள்ள ஈரத்தால் இறுகுகிறது. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம், துண்டைச் சரியாகப் பொருத்துவதற்குள் பிடித்துக்கொள்கிறது. ஒரு துண்டு மயிரிழை விலகி ஒட்டியதால் கடைசித் துண்டு உள்ளே நுழையவில்லை. அழுத்தித்தான் பொருத்தினேன். மூன்று வாரம் தாங்கியது. அப்புறம் ஒரு நாள் வெந்நீர் ஊற்றிக் கையில் எடுத்தபோது பாதிக் கிண்ணம் தனியாக வந்தது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சூட்டை மட்டும் பார்த்தால் சூப்பர் க்ளூ மோசமில்லை, சாதாரண வகையே 80 டிகிரி வாக்கில்தான் இளகும். சவரத்துக்கு நாம் ஊற்றும் தண்ணீர் அதில் பாதிக்குச் சற்று மேல். கெடுப்பது சூடும் ஈரமும் சேர்ந்து தினமும் வருவதுதான். இறுகிய சூப்பர் க்ளூ கண்ணாடி மாதிரி, வளைந்து கொடுக்காது. கிண்ணம் சூட்டில் கொஞ்சம் விரிந்து, ஆறியதும் சுருங்கும். அந்த அசைவில் மெல்லிய விரிசல் விட்டால், அதில் தண்ணீர் புகுந்து பிடிப்பைத் தின்றுவிடும். அலமாரியில் வைக்கும் பொம்மைக்கு இந்தப் பசை போதும். தினமும் நனைகிற பொருளுக்கு வேண்டாம்.

உங்கள் கிண்ணம் எந்த வகை என்றும் பாருங்கள். உடைந்த ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அப்படியே நின்றால் நன்றாக வெந்த பீங்கான். உறிஞ்சிக்கொண்டால், மேலே மெருகு போட்ட மண். என்னுடையது உறிஞ்சியது. அப்படியென்றால் மெருகு இல்லாத அடி வளையம் வழியாகவும் தண்ணீர் ஏறி, ஒட்டிய இடத்துக்குப் பின்பக்கமாக வரும்.

இரண்டாவது முறை ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். எப்பாக்ஸி என்பது இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலந்து ஒட்டும் பசை. அதில் ஐந்து நிமிஷ வகையைக் கையில் எடுத்தபோது கடை முதலாளி தவுக்கே, “தண்ணியில போடுற சாமான்னா அது வேணாம், மெதுவா காயறத எடு” என்றார். சரியான பேச்சு. மெதுவாக இறுகும் வகை பொதுவாக ஈரத்தையும் சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். பொருத்திப் பார்த்துத் திருத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் அவகாசமும் தரும்.

பழைய பசையை நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தேன். துண்டுகளை மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். இதை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள், மண்ணுக்குள் ஈரம் இருந்தால் எப்பாக்ஸி சரியாகப் பிடிக்காது. பசை இல்லாமல் ஒரு முறை அடுக்கிப் பார்த்து, எதற்குப் பின் எது என்று பென்சிலில் எண் போட்டேன். இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு பிதுக்கி, நன்றாகக் குழைத்து, ஓரத்தில் மெல்லிசாகத் தடவினேன். மாஸ்கிங் டேப்பால் இழுத்துக் கட்டி, அரிசி டின்னுக்குள் சாயாமல் புதைத்து நிறுத்தினேன். வீட்டில், “அரிசில ஒட்டிக்கப் போகுதுங்க” என்றாள். அடியில் பிளாஸ்டிக் பை விரித்தேன். பிதுங்கி வழிந்தது ரப்பர் பதத்துக்கு வந்ததும் பழைய ஷேவிங் பிளேடாலேயே சீவி எடுத்தேன், துளி பிசிறு இல்லை. சில்லு போன விளிம்பை, முகப் பவுடர் கலந்த எப்பாக்ஸியால் நிரப்பினேன்.

ஜப்பானியர்களின் கின்ட்சுகியையும் யோசித்தேன். உருஷி மரத்தின் பாலால் ஒட்டி, கோட்டின் மேல் தங்கப்பொடி தூவுவார்கள். அந்த மரத்தையும் பட்டையில் கீறித்தான் பால் எடுக்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அதைப் பார்த்ததும் ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது. காய்வதற்கு ஈரக்காற்று வேண்டும், அதற்கு நம் ஊர் தோது. சூடான சூப் கிண்ணங்களுக்கே அதைப் பூசுகிறார்கள், வெந்நீர் ஒரு பொருட்டில்லை. ஆனால் காயாத பால் தோலில் பட்டால் தடித்து அரிக்கும், வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். நான் கையால் செய்து பார்க்காத வேலை, அதனால் இதற்குமேல் சொல்ல மாட்டேன். அந்தப் பெயரில் விற்கும் மலிவான பெட்டிகள் பலவற்றில் இருப்பது எப்பாக்ஸியும் தங்க நிறப் பொடியும்தான். அதற்கு ஹார்ட்வேர் கடைக் குழாயே போதும்.

எப்பாக்ஸி போட்டு ஏழு மாதம் ஆகிறது. தினமும் நனைகிறது, இன்னும் அசையவில்லை. இரண்டு வருஷம் தாங்குமா என்பதற்கு இப்போதே உத்தரவாதம் தர முடியாது. ஒட்டிய கோடு லேசாக மஞ்சளாகிவிட்டது, அதை ஒன்றும் செய்ய முடியாது. சாதாரண எப்பாக்ஸி 60 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும் என்பதால் கொதிநீர் ஊற்றுவதில்லை, கை பொறுக்கும் சூடுதான். பிரஷ்ஷை வேறு குவளையில் ஊறவைக்கிறேன். சவரம் முடிந்ததும் கழுவி, அடி வளையம் காய்வதற்காக ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைக்கிறேன்.