வில்லைப் பாலிஷுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கையால் செய்த மூங்கில் வில்லையோ மர வில்லையோ பாலிஷ் போட வெளியே கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு நான்கு வில் வீணாயின. அக்கா மகளின் கன்னத்தில் கீறல் விழுந்தது, கண்ணுக்கு இரண்டு விரல் கீழே. அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். பிழைப்பு வேறு, வில் செய்வது ஆசைக்கு. வில்வித்தைப் போட்டியில் இந்தியன் ரவுண்டு என்ற பிரிவில் 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்யும் பிள்ளைகளுக்கு மூங்கில் வில்தான் வேண்டும். தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் செய்து தருவேன். இந்த நான்கும் கல் மூங்கில். வெட்டிப் பிளந்து ஒரு வருடத்துக்கு மேல் நிழலில் காயவைத்து, வில்லின் இரண்டு கையும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகங்கள், ஒரே மாதிரி வளையும்வரை சீவிச் சீவிப் பார்த்து எடுத்தவை. எப்போதும் பூச்சும் நானேதான் போடுவேன். இந்த முறை போட்டி நெருங்கிவிட்டது, எனக்கும் வேலை நெருக்கடி. ஊரில் ஒரு மரப் பாலிஷ் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, நாணுக்கு எதிர்ப்பக்கத்தை, அதாவது குறியைப் பார்த்திருக்கும் முதுகுப் பக்கத்தை, மிஷின் வைத்துத் தேய்க்கவே கூடாது. இரண்டாவது, வளைந்து கொடுக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சுதான் வேண்டும், அதுவும் மெல்லிசாக. "பி.யூ.ன்னா கொஞ்சம் கூட ஆகும் சார், வில்லெல்லாம் நாங்க நிறைய பண்ணியிருக்கோம்" என்றார் பட்டறைக்காரர். வில்லுக்கு 600 ரூபாய், ஆக 2400. முன்பணம் 1500 போனில் அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்துப் போனால் வில் பளபளவென்று இருந்தது. கணுவே தெரியவில்லை, ஒரே வழவழப்பு. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூங்கிலில் கணு மேடு தெரியாமல் எப்படி இருக்கும்? பளபளப்பில் மயங்கி மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். "மாமா, கண்ணாடி மாதிரி இருக்கு" என்று அக்கா மகள் ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

மூன்றாம் நாள் பயிற்சியில், பாதி இழுக்கும்போதே மேல் கை கணுவில் படாரென்று முறிந்தது. சிலாம்பு தெறித்துத்தான் அந்தக் கீறல்.

முறிந்த இடத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கணுவை மிஷினில் தேய்த்து மட்டமாக்கி, பக்கத்துப் பள்ளத்தில் மூங்கில் நிறத்திலேயே பட்டி அடைத்திருந்தார்கள். மூங்கிலின் உறுதியெல்லாம் வெளிப்பக்கம் நெருக்கமாக ஓடும் நாரில்தான் இருக்கிறது. வில்லை இழுக்கும்போது இழுபடுவதும் அந்தப் பக்கம்தான். தோலின் மேலிருக்கும் மெழுகுப் படலத்தைக் கத்தி விளிம்பால் லேசாகச் சுரண்டலாம், அது இருந்தால் பூச்சு பிடிக்காது. அதற்குக் கீழே போனால் நார் அறுபடும். கணுவில் நார் நெளிந்து ஓடுவதால் அங்கே மட்டம் தட்டினால் மொத்தமாகவே அறுந்துவிடும். மர வில்லிலும் முதுகில் ஒரே வளர்ச்சி வளையம் முனைமுதல் முனைவரை அறுபடாமல் ஓட வேண்டும் என்பது இதனால்தான்.

மற்ற மூன்றையும் கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். கொடுக்கும் முன் நோட்டில் 12.5 கிலோ என்று எழுதிவைத்திருந்த வில் இப்போது 10.5 காட்டியது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதனால் அரை மில்லிமீட்டர் போனாலே தராசில் தெரியும்.

அப்புறம் பூச்சு. பஞ்சில் தின்னர் தொட்டுப் பிடி ஓரத்தில் தேய்த்தேன். பிசுபிசுவென்று கரைந்து வந்தது. நன்றாகக் காய்ந்த பி.யூ. அப்படிக் கரையாது, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர்தான் கரையும். பி.யூ.வுக்குக் காசு வாங்கிக்கொண்டு விலை குறைந்த லாக்கரைத் தடிமனாக அடித்திருக்கிறார்கள். மேசை, கதவு என்றால் அது போதும், அவை வளைவதில்லை. வில்லில் அது விரிசல் விட்டுவிடும். மூன்றிலும் கையின் நடுவில் முடி மாதிரிக் குறுக்குக் கோடுகள் ஏற்கெனவே வந்திருந்தன. அந்தக் கோடு வழியாக ஈரம் உள்ளே இறங்கும்.

உடைந்த துண்டோடு போய்க் கேட்டேன். "மூங்கில் உளுத்தது சார், அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்றார். பட்டியை நகத்தால் பெயர்த்துக் காட்டினேன். "அண்ணே, இது நான் வைத்ததா?" பேச்சை மாற்றி, இன்னொரு கோட் இலவசமாக அடித்துத் தருவதாகச் சொன்னார். பணம் கேட்டதும் உள்ளே போய்விட்டார். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான புகாருக்குக் கட்டணம் கிடையாது, 1915 என்ற எண்ணில் பேசினாலும் வழி சொல்வார்கள். ஆனால் என்னிடம் இருப்பது பணம் அனுப்பிய போன் பதிவு மட்டும். என்ன பூச்சு, எதைத் தேய்க்கக் கூடாது என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. நீங்கள் கொடுத்தால் அந்த இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள், கணுக்களைப் போட்டோ எடுங்கள், இழுவையை எடை போட்டுக் குறித்துவையுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே தின்னர் பஞ்சால் தொட்டுப் பாருங்கள்.

உண்மையில் வெளியே கொடுக்கத் தேவையே இல்லை. வயிற்றுப் பக்கத்தை, அதாவது நாண் இருக்கும் உள்பக்கத்தை, 220, 320, 400 நம்பர் உப்புத்தாளால் நீளவாக்கில் கையால் தேயுங்கள். இடையில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார் எழும்பும், மறுபடி தேய்த்தால் போய்விடும். கண்ணாடி பாட்டிலின் பக்கத்தால் அழுத்தி உருட்டித் தேய்த்தால் எந்தத் தாளும் தராத வழவழப்பு வரும். பிறகு டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசி, இருபது நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிட வேண்டும். நாலைந்து தடவை போதும். இரண்டு முனைகளுக்கும் ஒரு தடவை கூடுதல், ஈரம் அங்கேதான் வேகமாக ஏறி இறங்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

மீதி மூன்று வில்லையும் நாண் கழற்றி வைத்திருக்கிறேன், யாருக்கும் தரமாட்டேன். பிள்ளைக்குப் புதிதாக ஒரு மூங்கில் பிளந்தாயிற்று, ஆனால் இந்தப் போட்டிக்குள் அது காயாது.