வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக்: எண்ணெய், சாயம், செராமிக் – நம் வெயிலுக்கு எது தாங்கும்?

கோலாலம்பூரில் வெட்டவெளியில் நிற்கும் கார்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பெயிண்ட் நன்றாகவே இருக்கும். ஆனால் சக்கரத்தைச் சுற்றி வரும் கறுப்பு பிளாஸ்டிக், பம்பரின் அடிப்பகுதி, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பொருத்தியிருக்கும் இடம் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கும். பெரோடுவா அத்திவா, புரோட்டோன் எக்ஸ்50 போன்ற வண்டிகளில் இந்தக் கறுப்புப் பகுதி அதிகம் என்பதால், வெளுத்தால் காரே வயதாகித் தெரியும்.

இது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகை. மேலே பெயிண்டும் கிடையாது, பெயிண்டைக் காக்கும் நிறமற்ற மேற்பூச்சான கிளியர்கோட்டும் கிடையாது. புற ஊதாக் கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை நேரடியாக அறுக்கிறது. அறுந்த மேற்பரப்பு நுண்ணிய பொடியாகி ஒளியைச் சிதறடிக்கிறது, அதுதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது, பினாங்கு 5 பாகை. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையிலும், மறுபடி செப்டம்பரிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மற்ற மாதங்களிலும் பெரிய கருணை இல்லை.

கார் கழுவும் கடைகளில் கடைசியாக ஸ்பாஞ்சில் தொட்டுத் தடவுவார்களே, அது பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய் கலந்த பளபளப்புத் திரவம். தடவிய அன்று கன்னங்கரேலென்று இருக்கும். ஆனால் அது பிளாஸ்டிக்கோடு ஒட்டுவதில்லை, மேலே படிந்திருக்கிறது, அவ்வளவுதான். தூசியைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மூன்று பெருமழையில் கோடு கோடாக வழிந்து கதவில் இறங்கும். கழுவும் காசோடு சேர்ந்து வருகிறது என்பதைத் தவிர இதில் எனக்கு ஒரு நன்மையும் தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் இதே கதைதான், கூடவே சிக்கு வாடை.

நீர் சார்ந்த பாதுகாப்புத் திரவம் வேறு ரகம். 303 என்ற பெயரில் விற்பது இதில் பலருக்கும் தெரிந்தது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அதில் கலந்திருக்கிறது. பிசுபிசுப்பு இல்லை, மினுமினுப்பும் இல்லை, புது பிளாஸ்டிக் எப்படி இருக்குமோ அப்படித் தெரியும். குறை என்னவென்றால், மாதம் ஒருமுறையாவது மறுபடி பூச வேண்டும். ஏற்கெனவே வெளுத்ததை இது மீட்டுத் தராது. புதுக்கார் வாங்கியவர்கள் முதல் மாதத்திலிருந்தே பழக்கமாக வைத்துக்கொண்டால், இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

வெளுத்த பிறகு மிஞ்சுவது இரண்டு: கறுப்புச் சாயம் கலந்த மீட்புத் திரவம், செராமிக் பூச்சு. சாயம் நிறத்தைத் திரும்பக் கொண்டுவரும், சொரசொரப்பான பரப்பில் நன்றாக இறங்கும், பல மாதம் நிற்கும். கையுறை கட்டாயம்; பக்கத்துப் பெயிண்டில் பட்டால் உடனே துடைத்துவிட வேண்டும். செராமிக் பூச்சோ, பிளாஸ்டிக்கின் மேல் கெட்டியான படலமாக இறுகிவிடும். செராக்கோட் என்ற பெயரில், இந்தத் திரவத்தில் நனைத்த துடைப்புத் தாள்கள் விற்கின்றன; அவற்றால் பூசியது 200 முறை கழுவினாலும் தாங்கும் என்று தயாரிப்பாளரே உத்தரவாதம் தருகிறார். ஆனால் இறுகும்வரை, குறைந்தது ஒரு நாளாவது, ஈரம் படக்கூடாது. ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் சாயங்காலம் இடி மழை கொட்டும் ஊரில் இது சின்ன நிபந்தனை இல்லை. அடுக்குமாடியில் கூரையுள்ள பார்க்கிங் இருந்தால் செராமிக். தெருவோரம்தான் என்றால் சாயம். பினாங்கில் கடலோரம் நிறுத்துகிறவர்களுக்கும் நான் செராமிக்கையே சொல்வேன், மேலே படியும் உப்பு கழுவும்போது சுலபமாகப் போய்விடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் சுத்தம். பூச்சு உரிந்தது, திட்டுத் திட்டாக நின்றது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. நீர்த்த ஆல் பர்ப்பஸ் கிளீனரைத் தெளித்து, பிரஷ்ஷால் நன்றாகத் தேய்க்க வேண்டும். வழியும் தண்ணீர் கறுப்பாக வருவது நிற்கும்வரை விடாதீர்கள். மெழுகு பட்டுக் காய்ந்த வெள்ளைக் கறைக்குப் பழைய பல்துலக்கி போதும். காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள், பழைய சிலிக்கோன் மிச்சம் அதில்தான் போகும். இந்த வேலை எப்போதும் நிழலில், பிளாஸ்டிக் ஆறியிருக்கும்போது நடக்கட்டும்.

சூடான காற்றை ஊதும் ஹீட்கன்னால் சூடு காட்டினால் கறுப்பு உடனே திரும்புவது உண்மைதான். ஆனால் புதிதாக எந்தப் பாதுகாப்பும் சேர்வதில்லை, வெயிலில் மறுபடி வெளுக்கும். ஒரே இடத்தில் கொஞ்சம் அதிகம் காட்டினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும், அந்தத் துண்டையே மாற்ற வேண்டி வரும். வேண்டாம்.

கதவோரத்து ரப்பருக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அது அமுங்கி விரிவது. இறுகும் பூச்சு அதற்குச் சரிவராது. நீர் சார்ந்த திரவத்தைத் துணியில் எடுத்து மெல்லத் துடைத்தாலே போதும்.