வெரிகோஸ் வெயின்: தண்டையும் கிளையையும் ஒரே நாளிலா, தவணை வைத்தா?

வெரிகோஸ் வெயினில், காலில் தோலுக்கடியில் புடைத்துத் தெரியும் கிளைச் சிரைகளின் கொத்து வேறு, அதற்கு ரத்தத்தை இறக்கிவிடும் தண்டுச் சிரை வேறு. கவட்டையிலிருந்து தொடையின் உட்புறமாக இறங்கும் பெரிய சஃபீனஸ் சிரை என்ற தண்டில், ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வு கெடுவதுதான் பெரும்பாலும் மூலகாரணம். லேசரும் ரேடியோ அலையும் அந்தத் தண்டைச் சுட்டு மூடும், கிளைகளைத் தொடாது. கிளைகளை அன்றே எடுப்பதா, ஆறிலிருந்து எட்டு வாரம் விட்டுப் பார்ப்பதா?

விட்டுப் பார்ப்பதில் நியாயம் உண்டு. தண்டு மூடியதும் அழுத்தம் குறைந்து, மெல்லிய கிளைகள் பல தாமாகவே சுருங்கிவிடும். லண்டனில் நடந்து 2015-ல் வெளியான அவல்ஸ் ஆய்வில், தண்டை மட்டும் மூடியவர்களில் 36 சதவீதம் பேருக்குப் பின்னர் கூடுதல் சிகிச்சை தேவைப்பட்டது. சேர்த்துச் செய்தவர்களில் 2 சதவீதம்தான். சேர்த்துச் செய்பவர்கள் இதையே மேற்கோள் காட்டுவார்கள். மீதி 64 சதவீதம் பேர், கிளைகளை இழுத்தெடுக்கும் கொக்கி படாமலே தப்பினார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். எங்கள் கணக்கு இது: விரல் தடிமனில் முறுக்கிக் கிடந்தால் அன்றே எடுங்கள், மெலிதாக இருந்தால் பொறுங்கள்.

அன்றே எடுப்பதென்றால் முதல் வேலை, நோயாளியை நிற்கவைத்து மார்க்கரால் குறிப்பது. படுத்தால் கொத்து வடிந்து இடம் தெரியாமல் போகும். ஸ்கேன் பார்த்தபடி, லிக்னோகெய்னும் அட்ரினலினும் கலந்த குளிர்ந்த சலைனைத் தண்டைச் சுற்றி நிரப்ப வேண்டும். வலியை மரக்கடிப்பதோடு, சிரையை நெருக்கி, தோலையும் நரம்பையும் சூட்டிலிருந்து விலக்குவதும் அதுதான். தண்டுக்குள் செலுத்தும் சூட்டுக் குழாயான கதீட்டரின் நுனி, அது ஆழ்சிரையோடு சேரும் கவட்டைச் சந்திப்புக்கு 2 செ.மீ. கீழே நிற்க வேண்டும். மேலே போனால் ரத்தக்கட்டி ஆழ்சிரைக்குள் நீளக்கூடும். ரேடியோ அலையில் 7 செ.மீ. துண்டுக்கு 120 டிகிரி, 20 வினாடி. முதல் துண்டுக்கு இரண்டு முறை. பிறகு 2–3 மி.மீ. கீறல்கள் வழியே கிளைகளைக் கொக்கியால் இழுத்து எடுப்பார்கள். தையல் வேண்டாம், ஒட்டுப்பட்டை போதும். முழங்காலுக்குக் கீழே உட்புறத்தில் சஃபீனஸ் நரம்பு சிரையை ஒட்டியே ஓடுவதால், அங்கே அவசரப்பட்டால் மரமரப்பு மிஞ்சும்.

கொக்கிக்குப் பதில் ஃபோம், அதாவது சிரையை மூடவைக்கும் மருந்தை நுரையாக்கி ஊசியில் ஏற்றுவது? மருந்து ஒரு பங்கு, காற்று நான்கு பங்கு; இரண்டு சிரிஞ்சுகளை மூவழி வால்வில் இணைத்து மாற்றி மாற்றித் தள்ளினால் நுரை தயார். ஓர் அமர்வுக்கு மொத்தம் 10 மி.லி.க்கு மேல் வேண்டாம். தழும்பு இல்லை, செலவும் குறைவு. ஆனால் தடித்த கிளைக்குள் ரத்தம் தேங்கிக் கெட்டியாகி வலிக்கும், பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். இரண்டு வாரத்தில் அந்தத் தேக்கத்தை ஊசியால் எடுத்துவிட்டால் கறை குறையும். அதனால் ஃபோமுக்குப் பொருத்தமான இடம், தவணை வைத்தபின் எஞ்சும் சின்னக் கிளைகள்தான்.

தண்டைச் சுடாமல் ஒட்டி மூடும் பசைக்கு விளம்பரம் அதிகம். தண்டைச் சுற்றி ஊசி போடவேண்டியதில்லை என்பதே அதன் பெருமை. கூடவே கொக்கியும் போட்டால் கிளைகளுக்கு மரப்பு ஊசி வந்தே தீரும்; பிறகு கூடுதல் விலை எதற்கு? சிலருக்குப் பசை ஒவ்வாமல் சிரை நெடுகச் சிவந்து அரிக்கவும் செய்யும்.

கணுக்காலில் ஆறாத புண் இருந்தால் கிளை விவாதத்தைத் தள்ளிவைத்துத் தண்டை உடனே மூட வேண்டும். 2018-ன் எவ்ரா ஆய்வில், காலில் அழுத்தக் கட்டுப் போடுவதோடு தண்டைச் சீக்கிரம் மூடியவர்களுக்குப் புண் ஆற ஆன இடைநிலைக் காலம் 56 நாள். தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள்.