மீட்டரை வைத்துப் பார்த்த பிறகே பேசும் மெக்கானிக்

மாற்றலில் வெளியூர் போய்த் திரும்பியவர்கள், பூட்டிக் கிடந்த வீட்டின் ஏ.சி.யையும் வாஷிங் மெஷினையும் யாரிடம் காட்டுவது என்று என்னைக் கேட்டால், தூத்துக்குடி பிரையண்ட் நகர்ப் பக்கம் உள்ள ஓர் ஒற்றை ஷட்டர் கடையைத்தான் சொல்வேன். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ‘ஏ.சி., பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கப்படும்’ என்று ஷட்டரிலேயே பெயிண்டில் எழுதியிருக்கிறது. வங்கியின் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வவுச்சரைப் பார்க்காமல் யாரையும் பாராட்டி எனக்குப் பழக்கமில்லை.

இந்தக் கடை மெக்கானிக்கிடம் போகுமுன், நெடுநாள் ஓடாமல் கிடந்த என் வீட்டு ஏ.சி.க்காக வேறொரு சர்வீஸ் நிறுவனத்தில் விசாரித்தேன். “ரொம்ப நாள் ஓடவில்லையா? அப்படியானால் கேஸ் இறங்கியிருக்கும்” என்று, வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் நான்காயிரத்துச் சொச்சம் சொன்னார்கள். ஏ.சி.யில் இருக்கும் கேஸ், அடுப்பு சிலிண்டர் போல எரிந்து தீர்கிற சமாசாரம் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்பினால், அடுத்த கோடைக்கும் அவர்களுக்கு ஒரு பில் நிச்சயம். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

இந்தக் கடைத் தம்பி வந்ததும் ஏ.சி.யைப் போடச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மாடிக்குப் போனார். அவுட்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றினால் உள்ளே கைப்பிடி அளவுக்கு ஒரு குளவிக் கூடு. ஒயர்களின் மேல் எறும்பு மண். கடல் காற்றில் அலுமினியத் தகடுகளின் ஓரம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. மின்விசிறியின் இறக்கையைக் கையால் சுற்றிப் பார்த்தார், ஒயர்களில் எலிக்கடி உண்டா என்று தடவினார், எர்த்தைச் சோதித்தார். டிரெயின் குழாயில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் சுவிட்சைப் போட்டார். அதுவும் முதலில் பேன் மட்டும். ஈர வாடையும் தூசியும் கொஞ்சம் அடங்கட்டும் என்றார்.

கூல் வைத்ததும் கம்ப்ரசர் ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டு நின்றுவிட்டது. எனக்குப் பகீர் என்றது. “கம்ப்ரசர் போய்விட்டதா தம்பி?” என்றேன். “பார்க்காமல் எப்படிம்மா சொல்வது?” என்று மறுபடி மின்சாரத்தை அணைத்தார். கம்ப்ரசரைக் கிளப்பிவிட உதவும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால், ஒரு ரெசிஸ்டரை அதன் முனைகளுக்குக் குறுக்கே வைத்து இறக்கிவிட்டு, அப்புறம் கழற்றி மீட்டரில் வைத்தார். மேலே அச்சிட்டிருந்த கொள்ளளவு 50 மைக்ரோஃபாரட். மீட்டர் காட்டியது 32. “நீங்களே பாருங்கள் அம்மா” என்று மீட்டரை என் பக்கம் திருப்பினார். இந்த ஒரு செய்கைக்காகவே இதை எழுதுகிறேன். கிளப்பிவிடும் விசை போதாததால்தான் கம்ப்ரசர் முனகியிருக்கிறது. புதியதைப் போட்டதும் சுணங்காமல் ஓடியது.

அதன் பிறகுதான் கேஸ் பேச்சே வந்தது. கேஜ் மாட்டி அழுத்தம் பார்த்தார். ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் வந்த ஆம்பியரை யூனிட்டில் ஒட்டியிருந்த தகட்டின் எண்ணோடு ஒப்பிட்டார். நட்டு மூட்டுகளில் சோப்பு நுரை தடவினார், குமிழி எழவில்லை. கேஸ் நிரப்பத் தேவையே இல்லை.

வாஷிங் மெஷின் கதை சின்னது. முன்பக்கம் கதவு உள்ள மெஷின், தண்ணீர் வெளியேறவில்லை. கீழே உள்ள பில்டரைத் திருகியதும் பழைய தண்ணீர் நாற்றத்தோடு கொட்டியது. பம்பின் சிறு சக்கரம் சோப்பு உப்பில் இறுகியிருந்தது. சுத்தம் செய்ததும் விரலாலேயே சுழன்றது. தண்ணீர் உள்ளே வரும் இடத்துச் சல்லடையை நம் ஊர் உப்புத் தண்ணீர் சுண்ணாம்பாக அடைத்திருந்தது. கதவு ரப்பரில் கறுப்புப் பூஞ்சை. மாற்ற வேண்டாம், துடைத்தால் போதும் என்றவர், சிட்ரிக் அமிலம் போட்டு வெந்நீரில் ஒருமுறை துணியில்லாமல் ஓட்டச் சொன்னார். பேரிங்கில் லேசான இரைச்சல் இருப்பதையும் சொன்னார். இப்போதே மாற்றத் தேவையில்லை, சத்தம் கூடினால் கூப்பிடுங்கள் என்றார். விற்கத் தெரியாதவர்!

குறைகளும் உண்டு. காலை என்று சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். குளவிக் கூட்டின் மண்ணை மாடியிலேயே விட்டுப் போனார். பில் துண்டுத் தாளில் எழுதியது. கேட்ட பிறகே கெப்பாசிட்டர் விலையைத் தனியாகவும் கூலியைத் தனியாகவும் பிரித்துப் போட்டுத் தந்தார். ஆனால் பழைய கெப்பாசிட்டரைக் கேட்காமலே என் மேசையில் வைத்துவிட்டார். மொத்தச் செலவு அந்த நிறுவனம் கேஸுக்கு மட்டும் கேட்டதில் பாதிகூட வரவில்லை.

இன்வெர்ட்டர் ஏ.சி.யின் போர்டு பழுதானால் இவரிடம் போக வேண்டாம். அந்த வேலை தனக்குத் தெரியாது என்று அவரே சொல்கிறார். மற்ற எதற்கானாலும் பிப்ரவரியிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். ஏப்ரல் பிறந்துவிட்டால் போனை எடுக்கக்கூட அவருக்கு நேரம் இருக்காது.