யூனிட்டியா, கோடாட்டா?

தக்கலையில் பிளஸ் டூ முடித்த தங்கை மகன், 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்போடு வந்து நின்றான். “மாமா, கேம் செய்யப் படிக்கணும். எதுல தொடங்க, யூனிட்டியா கோடாட்டா?” இரண்டுமே கேம் செய்யும் மென்பொருள்கள்.

அந்த லேப்டாப்புக்குக் கோடாட்தான். இறக்கிப் பிரித்தால் போதும், இன்ஸ்டால் வேலையே இல்லை. பழைய கிராபிக்ஸுக்கு, படம் வரையும் முறைகளில் கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரைத் தேர்ந்தால் ஓடும். அதன் மொழியான ஜிடிஸ்கிரிப்ட் எழுதவும் பைத்தான் மாதிரி எளிது. முதல் நாளே முட்டத்துக் கடற்கரைப் பாறைகளுக்கு நடுவே வள்ளம் ஓட்டும் கேமைத் தொடங்கினான். வள்ளம் பாறைக்குள்ளே புகுந்து போனது. பாறைக்குக் கொலிஷன் ஷேப், அதாவது மோதலை உணரும் எல்லை, போட மறந்திருந்தான். போட்டதும் முட்டி நின்றது. “நின்னுட்டு மாமா!” என்று துள்ளினான். அந்தச் சந்தோஷத்துக்காகவே முதலில் கோடாட் என்பேன்.

யூனிட்டி பல ஜிபி இடம் கேட்கும், மொழி சி ஷார்ப். மொபைல் கேம் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு அதன் பலம் பெரிது. பாடங்களும் ஏராளம். ஆனால் 2023-ல் கேம் எத்தனை முறை இன்ஸ்டால் ஆகிறதோ அந்தக் கணக்கில் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் 2024-ல் கைவிட்டார்கள். கோடாட், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற எம்ஐடி உரிமத்தில் வருவதால் அந்தப் பயமில்லை.

கல்லூரியில் நல்ல கணினி கிடைத்ததும் அவன் யூனிட்டிக்கு மாறட்டும். இப்போது வள்ளத்துக்கு அலை வேண்டுமாம்.